முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு முதல் ஒரு வருஷம்: மனசு விழாமல் இருக்க நிஜமாக எது உதவுகிறது?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போன ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் "தைரியமா இரு, எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள். நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் வேட்டி நனைந்துவிட்டது, வாடை வந்தவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று தவித்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு அந்த வார்த்தை எட்டாது. "உன் அழுகையை எங்களால் பார்க்க முடியலை, நிறுத்து" என்றுதான் அவர் காதில் விழும்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். சிறுநீர், மலம், தோல் இந்த மூன்றும் ஒரு ஒழுங்குக்கு வருவதற்கு முன்னால் மனசைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நனையாமல் ஆறு மணி நேரம் இருக்க முடிந்த நாளில்தான் முகத்தில் வெளிச்சம் வரும். இந்தத் துறையில் இருப்பவர்கள் எழுதுங்கள். அனுபவக் கதைகளுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே செய்முறை, அளவு, எது எங்கே தவறுகிறது, ஏன் என்பது மட்டும் போதும்.

வார்டு_சிஸ்டர்

அண்ணா சொன்னதில் சிறுநீரை நான் எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போவதற்கு முதல் காரணம் "நனைஞ்சிடுமோ" என்ற பயம்தான்.

நிரந்தரக் குழாயை எடுத்துவிட்டு, நேரத்துக்கு நேரம் தானே குழாய் விட்டு வடிக்கும் முறைக்கு (எல்லோரும் சிஐசி என்பார்கள்) கை நன்றாக இயங்குகிற பெரும்பாலானவர்கள் மாற முடியும். 4 முதல் 6 மணிக்கு ஒருமுறை. ஒரு தடவையில் வருவது 500 மில்லியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மூத்திரப்பை அளவுக்கு மேல் விரிகிறது, சுவருக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, கிருமி தங்குகிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர், பகல் முழுக்கப் பிரித்துக் குடிக்க வேண்டும். படுக்கப் போகும் முன் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு வடிந்தது, இடையில் நனைந்ததா. இந்த நோட்டு இல்லாமல் டாக்டரிடம் போனால் அவரும் குத்துமதிப்பாகத்தான் மருந்து எழுதுவார். 250 மில்லியிலேயே இடையில் கசிகிறதென்றால் பை தானாகச் சுருங்குகிறது என்று அர்த்தம். அதை அடக்க மாத்திரை உண்டு. பலர் செய்கிற தப்பு, நனையாமல் இருக்கத் தண்ணீரைக் குறைப்பது. மூத்திரம் கெட்டியாகும், கல் சேரும், மலமும் இறுகும்.

செய்முறை: கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெரும்பாலும் 12 அல்லது 14 அளவுக் குழாய் போதும். ஜெல் தாராளமாகத் தடவுங்கள். ஆண்கள் உறுப்பை வயிற்றுப் பக்கம் நிமிர்த்திப் பிடித்தால்தான் பாதை நேராகும். உள்ளே ஓரிடத்தில் தடுக்கும், தள்ளாதீர்கள். மூச்சை மெதுவாக விட்டு அரை நிமிஷம் அப்படியே வைத்திருந்தால் இளகிக் கொடுக்கும். பெண்கள் முதலில் சின்னக் கண்ணாடி வைத்துப் பழகி, பிறகு விரலால் இடம் கண்டுபிடித்தே செய்யலாம். மூத்திரம் நின்றதும் குழாயைச் சட்டென்று உருவக் கூடாது. ஒரு விரற்கடை வெளியே இழுத்தால் அடியில் தங்கியதும் வரும்.

ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதுதான் சரி. காசு கட்டுப்படியாகாதவர்கள் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உடனே உள்ளும் புறமும் சோப்புத் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவி, உதறி, காற்றில் முழுக்கக் காயவைத்து, உலர்ந்த மூடி டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைப்பதுதான் கிருமிக்கு வழி. குழாய் விறைத்துப்போனாலோ, கண்ணாடித் தன்மை போய் மங்கினாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. லேபில் மூத்திரத்தில் கிருமி என்று வந்தவுடனே ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். குழாய் விடுகிறவர்கள் பலருக்கு எப்போதுமே கிருமி இருக்கும். காய்ச்சல், குளிர், திடீரென்று கால் வெட்டி இழுப்பது, புதிதாகக் கசிவது, இவற்றோடு சேர்ந்து வந்தால்தான் மருந்து. வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேனும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள்.

சக்கரம்_1

சிஸ்டர், மலத்தைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். அதைப் பற்றிப் பேச வீட்டில் கூச்சம், ஆஸ்பத்திரியில் நேரமில்லை. வெளியே ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாமல் செய்வது அதுதான்.

பராமரிப்பு_மதுரை

எழுதுகிறேன் தம்பி. முதலில் எந்த வகைக் குடல் என்று தெரிய வேண்டும். அடி டி12-க்கு (மார்பு மட்டத்து முதுகெலும்புகளில் கடைசி, பன்னிரண்டாவது) மேலே என்றால் பெரும்பாலும் ஆசனவாய் இறுகித்தான் இருக்கும், தூண்டினால் தானே தள்ளும். தண்டின் நுனியிலோ அதற்குக் கீழே நரம்புக் கொத்திலோ அடிபட்டிருந்தால் தளர்ந்து கிடக்கும், விரலால்தான் எடுக்க வேண்டும். எந்த வகை என்று டிஸ்சார்ஜுக்கு முன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே முறையைச் செய்வதால்தான் பாதிக் குழப்பம்.

இறுகிய வகைக்கு: தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரம். சாப்பிட்டு 20, 30 நிமிஷம் கழித்து உட்காருங்கள். வயிறு நிறைந்தால் பெருங்குடல் தானாக அசையும், அந்த அலையைப் பிடித்துக்கொள்ளணும். காலைக் காப்பியும் இட்லியும் முடிந்த நேரம் பலருக்குப் பொருந்துகிறது. கையுறையும் ஜெல்லும் போட்டு, வாசலில் இருக்கும் மலத்தை முதலில் எடுத்துவிட்டு, பைசகோடில் 10 மில்லிகிராம் சப்போசிட்டரியைக் குடல் சுவரை ஒட்டி வையுங்கள். மலத்துக்குள் குத்தி வைத்தால் அது கரைந்து வீணாகும், "மருந்தே வேலை செய்யலை" என்பவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் நடக்கிறது. கால் மணி நேரம் கழித்து விரலை மெதுவாக வட்டமாக 15, 20 நொடி சுற்றுங்கள். ஐந்து முதல் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யலாம். மொத்தமும் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருக்கணும், மோதிரம் கழற்றியிருக்கணும்.

தளர்ந்த வகைக்கு இந்தச் சப்போசிட்டரியால் பெரிய பயனில்லை. தினமும் ஒருமுறையோ இருமுறையோ விரலால் எடுப்பது. மலம் கொஞ்சம் கெட்டியாக இருப்பதுதான் இவர்களுக்கு நல்லது, இளகினால் கசியும்.

ஒரு வாரம் சரியாக வராவிட்டால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறார்கள். எது உதவியது என்று பிறகு தெரியாது. நேரம், சாப்பாடு, மருந்து, இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரமாவது பாருங்கள். குடலுக்குப் பழக்கம் வர வாரக்கணக்கில் ஆகும்.

மனைவியோ அம்மாவோ இதைச் செய்கிற வீடுகளில் ஒரு வார்த்தை. கை எட்டுகிறவர் தானே செய்யப் பழகுவதுதான் இருவருக்கும் மரியாதை. வளைந்த பிடி வைத்த கருவியும் பக்கவாட்டில் திறந்த கமோடு நாற்காலியும் அதற்காகவே இருக்கின்றன.

வார்டு_சிஸ்டர்

முந்தைய பதிவோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை, இதைத் தவறவிடக் கூடாது. அடி டி6 (மார்பு மட்டத்து ஆறாவது முதுகெலும்பு) அளவிலோ அதற்கு மேலோ (மார்பெலும்பின் கீழ் நுனிக்குக் கீழே உணர்வு இல்லாதவர்கள்) இருந்தால், பை நிறைந்தாலோ, மலம் அடைத்தாலோ, விரலால் தூண்டும்போதோ ரத்த அழுத்தம் திடீரென்று ஏறலாம். மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவந்து வேர்ப்பது, மயிர்க்கூச்சு. இவர்களுக்கு வழக்கமான மேல் அழுத்தமே 90, 100 என்றுதான் இருக்கும். அதனால் 130 என்று காட்டினால் "நார்மல்தானே" என்று விடக் கூடாது. வழக்கத்தைவிட 20, 40 கூடினாலே ஆபத்து. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, பெல்ட்டையும் இறுக்கமான துணியையும் தளர்த்துங்கள். குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா, பிறகு மலம், பிறகு தோலும் கால் நகமும் என்று வரிசையாகப் பாருங்கள். காரணம் தெரியவில்லை, அழுத்தம் இறங்கவில்லை என்றால் 108. படுக்க வைக்காதீர்கள்.

இயன்முறை_கோவை

தோலைப் பற்றி நான். ஒரே ஒரு படுக்கைப் புண் ஆளை மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வைத்துவிடும். அதுவரை கட்டிய நம்பிக்கை எல்லாம் அங்கே கரையும். ஆகவே இதுவும் மனசு பற்றிய பதிவுதான்.

படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். நாற்காலியில் 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒருமுறை பாரத்தை மாற்ற வேண்டும். கையை ஊன்றி எம்பி எம்பி இறங்குவதைத்தான் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பத்து நொடிக்கு மேல் நிற்காது, தோளும் தேயும். திசுவுக்கு ரத்தம் திரும்ப ஒன்றரை இரண்டு நிமிஷம் வேண்டும். முழங்காலை நோக்கி முன்பக்கம் குனியுங்கள், அல்லது மேசையில் முழங்கையை ஊன்றி ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம். போனில் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

காலையும் இரவும் கைப்பிடிக் கண்ணாடியால் வால் எலும்பு, உட்காரும் எலும்பு இரண்டு, இடுப்பு ஓரங்கள், குதிகால் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்கணும். வெளுக்காவிட்டால் அதுதான் முதல் கட்டப் புண். நம் மாநிறத் தோலில் சிவப்பு கண்ணுக்குப் படாது. சுற்றுப்புறத்தைவிடச் சூடாக, கெட்டியாக, கருத்து இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இருந்தால் அந்த இடத்தில் துளி பாரமும் கூடாது, முழுக்கச் சரியாகும்வரை.

நடுவில் ஓட்டை உள்ள டியூப் வளையத்தை மெடிக்கலில் தருவார்கள். வாங்காதீர்கள். வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அடைத்து நடுப்பகுதியை இன்னும் பட்டினி போடும். காற்றுக் குமிழ் மெத்தை வாங்கினால், உட்கார்ந்த பிறகு எலும்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்புக்கும் அடித்தளத்துக்கும் ஒன்று முதல் இரண்டரை செ.மீ இடைவெளி இருக்கணும். காற்று அதிகம் இருந்தால் மெத்து என்று இருக்கும் என நினைக்கிறார்கள். பந்தின் மேல் உட்கார்ந்த மாதிரிதான் ஆகும்.

நம் ஊர் வெயிலுக்குத் தனியாகச் சொல்லணும். மதியம் நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் சீட், வெயில் பட்ட சிமென்ட் திண்ணை, சைலன்சர், மடியில் வைத்த லேப்டாப், தொடை இடுக்கில் வைத்த டீ டம்ளர். உணர்வில்லாத தோல் வெந்தது சாயங்காலம் கொப்புளம் பார்த்துத்தான் தெரியும். சூடான எண்ணெய் ஒத்தடமும் இப்படித்தான். படுத்தே இருந்த கால் எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கும், அழுத்தி உருவினாலோ மடக்கினாலோ முறியும். வலிக்காது. கால் வீங்கிச் சூடாக இருந்தால் படம் எடுத்துப் பாருங்கள். ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

மனநலம்_திருச்சி

உடலைப் பற்றி எழுதியவர்களுக்கு நன்றி. இப்போது மனசு.

முதலில் ஒரு கட்டுக்கதையை எடுத்துவிடுவோம். "லாட்டரி அடித்தவரும் கால் போனவரும் ஒரு வருஷத்தில் ஒரே அளவு சந்தோஷத்துக்கு வந்துவிடுவார்கள்" என்று பேச்சாளர்கள் மேடையில் சொல்வார்கள். அது 1978-ல் பிரிக்மன் குழு செய்த ஆய்வு. லாட்டரி வென்றவர்கள் 22 பேர், விபத்தில் முடங்கியவர்கள் 29 பேர், ஒப்பிட 22 பேர். ஐந்துக்கு வென்றவர்கள் 4.00, மற்றவர்கள் 3.82, முடங்கியவர்கள் 2.96. வித்தியாசம் இருந்தது. ஆனால் முடங்கியவர்களின் மதிப்பெண் நடுக்கோட்டுக்கு மேலேதான் இருந்தது, வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிற பாதாளத்தில் இல்லை. இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. "ஒரு வருஷத்தில் சரியாகணும்" என்று கெடு வைத்தால், சரியாகாதவர் தன் மேலேயே பழி போட்டுக்கொள்வார். ஐந்து கட்டத் துக்கம் என்ற ஏணியும் அப்படித்தான். சாவை எதிர்நோக்கியவர்களை வைத்து எழுதப்பட்டதை இவர்கள் மேல் ஏற்றக் கூடாது.

துக்கமும் மனச்சோர்வு நோயும் வேறு. துக்கம் அலையலையாக வரும், நடுவில் பேரன் வந்தால் சிரிப்பார். மனச்சோர்வில் பேரன் வந்தாலும் ஒன்றும் தோன்றாது, இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. அப்படியென்றால் நான்கு பேருக்கு வருவதில்லை. "இந்த நிலைமையில் சோர்வு இருக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிட முடியாது, வந்தால் வைத்தியம் பார்க்க வேண்டும். பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் தமிழிலும் இருக்கிறது. 27-க்கு 10-ஓ அதற்கு மேலோ வந்தால் டாக்டரைப் பாருங்கள். ஆனால் தூக்கம், களைப்பு, பசி பற்றிய கேள்விகளுக்கு அடிபட்ட உடம்பே மதிப்பெண் கூட்டிவிடும். இரவு இரண்டு மணிக்குத் திருப்பிப் போட எழுப்பினால் தூக்கம் எங்கே வரும்? ஆகவே முதல் இரண்டு கேள்விகளை (ஆர்வம் போனதா, மனம் தளர்ந்ததா) கூர்ந்து கேளுங்கள். ஒன்பதாவது கேள்வி சாவு எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்றைக்கே பேசியாக வேண்டும். அரசு மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், இரவு பகல் எப்போதும், தமிழில் பேசலாம். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது; கேட்காததால்தான் தனியாகிறார்கள்.

மருந்து ஒருபக்கம். வீட்டில் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது: மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்த பிறகு மனசு வர விடுவது. நாளைக்கு மூன்று வேலை, நேரத்தோடு எழுதுங்கள். 8 மணிக்குத் தானே சவரம். 11 மணிக்கு மளிகைக் கணக்கு. 5 மணிக்கு வாசலில் பத்து நிமிஷம். முடிந்ததும் எவ்வளவு நிறைவு என்று பத்துக்கு மதிப்பெண். இரண்டு வாரம் கழித்து எதற்கு 5-க்கு மேல் வந்ததோ அதைக் கூட்டுங்கள். தவறுவது எங்கே என்றால், முதல் நாளே "தினமும் இரண்டு மணி நேரம் படிக்கிறேன்" என்று எழுதுவது. பத்து நிமிஷத்துக்கு மேல் முதல் வாரத்தில் வேண்டாம்.

எரிச்சல் நரம்பு வலி இருந்தால் மனசைத் தனியாகச் சரிசெய்ய முடியாது. காலில் உணர்வே இல்லாவிட்டாலும் அந்தக் கால் எரியலாம். கற்பனை என்று யாரும் சொல்ல வேண்டாம். சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. காபாபென்டின், ப்ரீகாபாலின் வகை மருந்துகளை டாக்டர் மெதுவாக ஏற்றுவார். அதே போல் தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென் மாத்திரையைத் தீர்ந்துபோச்சு என்று ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, வலிப்பு, மனக்குழப்பம் வரும். ஒரு வாரத்து மாத்திரை எப்போதும் கையிருப்பில் வேண்டும்.

பராமரிப்பு_மதுரை

டாக்டர், ஒரு கேள்வி. வீட்டுக்காரர்கள் "நடக்க மாட்டார்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று கெஞ்சுகிறார்கள். சொன்னால் மனசு உடைந்துவிடும் என்கிறார்கள். சொல்லாமல் விடுவதுதான் நம்பிக்கை என்று நினைப்பது சரியா?

மனநலம்_திருச்சி

சரியில்லை என்பது என் திடமான எண்ணம். அவருக்கு ஏற்கெனவே தெரியும். கேட்டால் அம்மா அழுவாள் என்று கேட்காமல் இருக்கிறார். இரண்டு பக்கமும் நடித்துக்கொண்டு ஒரு வருஷம் போகும்.

இயன்முறை_கோவை

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். சொல்ல வேண்டும், ஆனால் எப்போது என்பதும் முக்கியம். அடிபட்ட முதல் நாட்களில் தண்டு அதிர்ச்சியில் இருக்கும், எதுவும் நிச்சயமில்லை. மூன்று நாள் கழித்து ஆசனவாயைச் சுற்றி உணர்வும் இறுக்கமும் இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனைதான் முழு அடியா, பகுதி அடியா என்று காட்டும். பகுதி அடி என்றால் திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. மார்பு மட்டத்தில் முழு அடி என்றால் காலில் பயன்படும் பலம் மிகச் சிலருக்கே திரும்பும். திரும்புவதில் பெரும்பகுதி முதல் ஆறு, ஒன்பது மாதத்தில் நடந்துவிடும். ஒன்றரை வருஷம் வரை மெதுவாகக் கொஞ்சம் வரலாம். இதை அப்படியே சொல்லலாம்: "இப்போ இருக்கிற நிலைமையில நடப்பீங்கன்னு எங்களால சொல்ல முடியாது. அடுத்த ஆறு வாரத்துல நீங்களே கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாறுவீங்க, அது உறுதி." இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மனநலம்_திருச்சி

அந்த இரண்டாவது வாக்கியத்தை ஏற்றுக்கொள்கிறேன் சார். என் பதிவில் அது விடுபட்டுவிட்டது.

தென்காசிச்_சாரல்

உண்மையைச் சொல்லாமல் விட்டால் இன்னொரு நஷ்டமும் உண்டு. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம்" என்பவர்களிடம் நிலத்தை விற்றுக் கொடுத்துவிடுகிறார்கள். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டு நெறிப்படி, ரத்தப் புற்று போன்ற சில நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவதைத் தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான் செய்யலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் அது ஆய்வு இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். அந்தப் பணத்தில் நல்ல நாற்காலி, மெத்தை, கழிவறை மாற்றம் மூன்றும் முடிந்துவிடும்.

அரசு வழிகளையும் எழுதிவிடுகிறேன். ஸ்வாவலம்பன் தளத்தில் பதிந்து யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) வாங்குங்கள், எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதுகுத்தண்டு பாதிப்புக்கான மாதப் பராமரிப்புத் தொகைக்கும், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கும் மனுக் கொடுக்கலாம்.

அரசு வேலையில் இருந்தவர் என்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 20-ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அந்த வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி. அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு, பழைய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு உட்கார்ந்து செய்யக் கூடியது என்று பாருங்கள். வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் முடங்கினார். தொழுநோயாளிகளின் கை அறுவை உட்கார்ந்தபடி செய்யக் கூடியது. அந்தக் கதவு வழியாகத்தான் அவர் சக்கர நாற்காலியில் அறுவைக்கூடத்துக்குத் திரும்பினார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அங்கே அந்தத் துறையையே கட்டினார். வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் 1966-ல் திறந்தது. நம் ஆட்களுக்கும் அப்படியே. எலக்ட்ரீசியனுக்கு மேசையில் மோட்டார் காயில் கட்டுவது. டெய்லருக்கு மிதிகட்டைக்குப் பதில் முழங்கையால் அழுத்தும் சுவிட்ச். கொத்தனாருக்கு அளவும் எஸ்டிமேட்டும்.

ஆனால் வார்டில் மூன்றாவது வாரத்தில் கிடப்பவரிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டாம். மாரியப்பன் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கினார் என்றும் சொல்ல வேண்டாம். அவர் இன்னும் உட்கார்ந்தால் தலை சுற்றுகிற நிலையில் இருக்கிறார். சக்கர நாற்காலியில் வந்து, தன் கையால் டம்ளரில் டீ ஊற்றிக் குடிக்கிற அதே ஊர்க்காரர் ஒருவரை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் இப்படிப் பழையவர்கள் புதியவர்களோடு இருப்பதைப் பார்க்கலாம். 1975-ல் கடற்படைத் தேர்வில் கழுத்தில் அடிபட்ட ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய இடம் அது.

அளவெடுப்பவன்

நாற்காலி விஷயம் எழுத வந்தேன். ஆஸ்பத்திரியில் தள்ளிக்கொண்டு போகிற 18 அங்குல மடக்கு நாற்காலியையே வீட்டுக்கும் வாங்கிவிடுகிறார்கள். 18, 20 கிலோ. ஒல்லியானவர் அதில் ஒரு பக்கம் சாய்ந்தே உட்காருவார், முதுகு கோணும், ஒரு பக்க எலும்பில் புண் வரும்.

இடுப்பின் அகலமான இடத்தை அளந்து, இரண்டு செ.மீ மட்டும் கூட்டுங்கள், அதுதான் சீட் அகலம். முழங்கால் மடிப்புக்கும் சீட் நுனிக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் இடைவெளி. கையைச் சக்கரத்தின் உச்சியில் வைத்தால் முழங்கை 100 முதல் 120 டிகிரி மடங்கியிருக்கணும். அதற்கு மேல் நீண்டால் சக்கரம் தாழ்வு, தோளுக்குப் பலம் வராது. தள்ளும்போது குட்டிக் குட்டித் தள்ளல் வேண்டாம். நீளமாக ஒரு தள்ளு, பிறகு கையைக் கீழே தொங்கவிட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள். இனி தோள்தான் கால், அது போனால் எல்லாம் போகும். டயரில் காற்றுக் குறைந்தால் பிரேக்கும் பிடிக்காது, கட்டிலுக்கு மாறும்போது நாற்காலி நழுவும். வாரம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அளவுக்குச் செய்து தருகிற நாற்காலி இப்போது நம் பக்கமே இருக்கிறது. சென்னை ஐஐடியில் உருவான நியோஃப்ளை, அதோடு முன்பக்கம் மாட்டுகிற நியோபோல்ட் மோட்டார். மாட்டினால் மணிக்கு 25 கி.மீ வரை போகும், பஜாருக்கு யார் துணையும் வேண்டாம்.

வீட்டுப் படி: உயரத்தைப் போல் 12 மடங்கு நீளம் சரிவு வேண்டும். 15 செ.மீ படி ஒன்றுக்கு 1.8 மீட்டர். இரண்டு படி என்றால் 3.6. இடமில்லையென்று செங்குத்தாகச் சிமென்ட் பூசிவிடுவார்கள், பின்பக்கம் கவிழும். சரிவை மடக்கி, நடுவே ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டுத் திருப்புங்கள். பாத்ரூம் கதவு இடித்தால் சுவரை உடைக்கும் முன் கதவுப் பலகையைக் கழற்றித் திரை போட்டுப் பாருங்கள், நாலைந்து செ.மீ கிடைக்கும். பெரும்பாலும் அதுவே போதும்.

இயன்முறை_கோவை

தோள் பற்றி நண்பர் சொன்னது பொன்னானது. கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரம் இருக்கட்டும், நடுவே வழுவழுப்பான பலகை போட்டு நகருங்கள், தூக்கித் தாவ வேண்டாம். உடற்பயிற்சிக்கு 2018 சர்வதேச வழிகாட்டுதல்: வாரம் இரண்டு நாள், 20 நிமிஷம் மூச்சு வாங்கும் அளவுக்கு (கையால் சுற்றும் சைக்கிள், வேகமாக நாற்காலி தள்ளுவது), அதோடு வாரம் இரண்டு நாள் வேலை செய்கிற தசைகளுக்குப் பலப் பயிற்சி மூன்று சுற்று. பின்தோள் தசைக்கு ரப்பர் பட்டை இழுப்பதைக் கூட்டுங்கள். தள்ளித் தள்ளி முன்பக்கம் மட்டும் பலமாகித் தோள் முன்னால் சரியும்.

சக்கரம்_1

கல்யாணம், தாம்பத்தியம் பற்றி யாரும் எழுதவில்லையே. இளைஞர்கள் மனசில் முதலில் ஓடுவது அதுதான், வாய் திறந்து கேட்க மாட்டார்கள்.

வார்டு_சிஸ்டர்

கேட்டது நல்லது தம்பி. பெண்களுக்கு மாதவிலக்கு சில மாதத்தில் திரும்பிவிடும், கருத்தரிப்பு பாதிக்காது. கருத்தடை வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. பிரசவம் ஆகும், ஆனால் டி6 அளவிலோ அதற்கு மேலோ அடி என்றால் முன்பு சொன்ன ரத்த அழுத்த ஆபத்து வலியின்போது வரும், பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு விறைப்புக்குச் சில்டெனாஃபில் வகை மாத்திரை பலருக்குப் பலன் தருகிறது. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் தொடக் கூடாது. விந்து தானாக வராவிட்டாலும் அதிர்வுக் கருவி, ஊசி முறைகள் வழியாக எடுத்துக் குழந்தை பெற முடியும். டாக்டர் தானாகப் பேச மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும், தனியாக அறை கேட்டு.

பராமரிப்பு_மதுரை

பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று. வாரத்தில் அரை நாள் வேறு யாராவது பொறுப்பெடுக்கணும், பேச்சுக்கு இல்லாமல் கிழமை, நேரம் குறித்து. இரவு திருப்புவதை இரண்டு பேர் முறை போடுங்கள். அவர் தானே செய்ய முடிகிற வேலையை அவசரத்தில் பிடுங்கிச் செய்யாதீர்கள். சட்டை போட அரை மணி ஆனால் ஆகட்டும்.

சக்கரம்_1

முதல் தடவை வெளியே கூட்டிப்போவதற்கு யாராவது திட்டம் சொல்லுங்கள். அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

வைகைக்கரை

சொல்கிறேன். முதல் வெளிப்பயணம் கல்யாணமாக இருக்க வேண்டாம். இரண்டு கிலோமீட்டருக்குள், இரண்டு மணி நேரம். மலம் போன நாளில் வையுங்கள். நாலு மணிக்குக் குழாய் விட்டுவிட்டு நாலரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு வீட்டில், அடுத்த முறைக்கு நேரம் மிச்சம் இருக்கும். பையில்: குழாய் இரண்டு, ஜெல், கைகழுவும் திரவம், பழைய தண்ணீர் பாட்டில் ஒன்று (வடிப்பதற்கு, மூடியோடு), மாற்றுக் கைலி, ஒரு டயப்பர், பஞ்சர் பசை. முதல் நாளே ஒருவர் போய்ப் படி எத்தனை, வாசல் அகலம் எவ்வளவு, நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்து வரணும். போகிற வழியில் "பார்த்து, பார்த்து" என்று கத்தாதீர்கள். தள்ளுகிறவர் குழியைக் கண்டால் திருப்பிப் பின்பக்கமாக இறக்கணும்.

நனைந்துவிட்டால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் வைத்துக்கொள்வது உதவும், "வண்டிக்குப் போலாம்" என்றால் உடனே கிளம்பணும், காரணம் கேட்கக் கூடாது. மடியில் ஒரு கருப்புத் துண்டு எப்போதும் கிடக்கட்டும்.

சக்கரம்_1

நன்றி அண்ணா. கார் இல்லாதவர்கள், ஆட்டோவில் போகிறவர்கள் நாற்காலியை எப்படி ஏற்றுவது?

அளவெடுப்பவன்

பின்சக்கரம் பட்டனை அழுத்திக் கழற்றும் வகை என்றால் இரண்டு சக்கரத்தையும் எடுத்து, சட்டத்தைக் கால் பக்கம் நிறுத்தலாம். மெத்தையை ஆட்டோ சீட்டிலேயே போட்டு அதன் மேல் உட்காருங்கள், அந்தக் கடின சீட்டில் வெறுமனே உட்கார வேண்டாம். ஆட்டோ சீட் நாற்காலியைவிடக் கொஞ்சம் உயரம், பலகை ஏறுமுகமாக இருக்கும். வீட்டு வாசலில் நிற்கும் ஆட்டோவில் இரண்டு நாள் ஏறி இறங்கிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.